ஊருக்கு ஒரு கலைக்கூடம் வேண்டுமா?

சென்ற ஆண்டு தை மாதக் கடைசியில், நாகலாபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் ஊர்க்கூட்டம் கூடியிருந்தது. கரிசல் காட்டிலிருந்து உளுந்தும் பாசியும் வீடு வந்து சேர்ந்துவிட்டன. மிளகாய்ச் செடிகளில் பழம் சிவக்கத் தொடங்கியிருந்தது. ஊரின் நடுவே பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்றை என்ன செய்வது என்பதே அன்றைய பேச்சு. ஒரு காலத்தில் பள்ளிக்கூடமாக இருந்த கட்டடம் அது. பள்ளி புதிய இடத்திற்குப் போனபின், வௌவால்களுக்கும் உடைந்த பெஞ்சுகளுக்கும் உரிமையாகிவிட்டது.

கூட்டத்தில் இரண்டு கருத்துகள் எழுந்தன. ஊர் இளைஞர் சிலரும், பணி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும், அதனை மாலை நேரக் கலைக்கூடமாக ஆக்கவேண்டும் என்றனர். சிறுவர் முதல் முதியோர் வரை அனைவரும் கூடிப் பாடவும், ஆடவும், படம் வரையவும், கதை சொல்லவும் ஓர் இடம் வேண்டும் என்பது அவர்களது விருப்பம். வற்றல் வணிகர் ஒருவரோ, மூட்டை அடுக்க அந்த இடத்தைத் தந்தால் மாதந்தோறும் வாடகை தருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். எனக்கு அவ்வூரில் நிலமும் இல்லை, வாக்கும் இல்லை. நடுவில் ஒருவர் இருக்கட்டும் என்று என்னையும் அழைத்து உட்காரவைத்திருந்தார்கள்.

பெரியவர் ஒருவர் எழுந்தார். “சாமி, கும்மியும் கூத்தும் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. கோவில் கொடைக்கு வைத்துக்கொள்வோம், திருவிழாவுக்கு வைத்துக்கொள்வோம். ஆனால் அதற்கென்று ஒரு கட்டடமா? மூட்டையை அடுக்கினால் வாடகை வரும். ஆட்டத்தை அடுக்கினால் என்ன வரும்?” என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவருக்குச் சொல்ல அப்போது என்னிடம் நேரான விடை ஒன்றும் இல்லை. வீடு திரும்பியபின் பல நாள் சிந்தித்ததன் பயனே இம்மாதக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெரியவரின் கேள்வி இகழத்தக்கதன்று. மானாவாரி நிலத்தை நம்பி வாழ்கின்றவர் அவர். ஐப்பசியில் மழை பொய்த்தாலும் துன்பம், தை மாதத்தில் மழை தப்பிப் பெய்தாலும் துன்பம். உறுதியாகக் கைக்கு வரக்கூடிய வாடகைப் பணத்தை விட்டுவிடாதீர்கள் என்று அத்தகையவர் சொல்லும்போது, அச்சொல்லில் பல பஞ்சங்களின் நினைவு இருக்கிறது. கலை உயர்ந்தது, பணம் தாழ்ந்தது என்று மேடையில் பேசிவிட்டு இறங்கிவிடுவது எளிது. அவருடைய கணக்கிலேயே அவருக்கு விடை சொல்லவேண்டும்.

கணக்கு என்றதும் என் பழைய கடன் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறொரு கரிசல் கிராமத்தில் உதவிப் பங்குக் குருவாக இருந்தேன். எழுபது வயதைக் கடந்த ஒயிலாட்ட அண்ணாவி ஒருவர் ஒருநாள் மாலை என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் அட்டை கிழிந்த பாட்டு நோட்டுகள். “சாமி, வாரத்துல ரெண்டு நாள் மன்றத்தைத் தொறந்துவிட்டா, பையங்களுக்கு ஒயில் அடவு சொல்லிக் கொடுத்துருவேன். காலு நிக்கிறப்பவே கொடுத்துறணும்” என்றார்.

பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரம். மன்றத்தில் மாணவர்களுக்குத் தனிப்பயிற்சி வகுப்பு நடந்தது. “பரீட்சை முடியட்டும் ஐயா. கோடை விடுமுறையில் பார்த்துக்கொள்வோம்” என்றேன். “சரி சாமி” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். கோடையும் வந்தது, எனக்கு மாற்றல் உத்தரவும் வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு திருமணத்திற்காக அவ்வூருக்குச் சென்றபோது, அண்ணாவி இறந்துவிட்டதாக அறிந்தேன். அவருடைய மகனிடம் அந்த நோட்டுகளைப் பற்றிக் கேட்டேன். “அப்பாவோட துணிமணியோட சேத்து எரிச்சுட்டோம் சாமி. அது யாருக்கு ஆகப்போகுது?” என்றார்.

அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அது இன்னாருக்கு ஆகும் என்று காட்டியிருக்க வேண்டியவன் நான். என் கையில்தான் அன்று மன்றத்தின் சாவி இருந்தது. குருமடத்தில் தத்துவம் பயின்றேன், இறையியல் பயின்றேன். மஞ்சள் பையோடு வாசலில் வந்து நின்ற ஒரு நூலகத்தை அடையாளம் காணும் அறிவு மட்டும் அன்று எனக்கு வாய்க்கவில்லை.

இத்தகைய நூலகம் ஒன்று எரியாமல் தப்பிய வரலாறும் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. எட்டயபுரத்தை நாம் மகாகவி பாரதியார் பிறந்த ஊராக அறிவோம். கருநாடக இசையின் மூவருள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டில் மறைந்து அடக்கமானதும் அவ்வூரிலேயே. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுர அரண்மனையின் வித்துவான். பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரனும், பின்னர் அவருக்கே தத்துப்பிள்ளையுமான சுப்பராம தீட்சிதரிடம் அந்தக் குடும்பத்தின் இசைச் செல்வம் முழுவதும் வந்து சேர்ந்தது. அக்காலத்தில் இத்தகைய வித்தையை வெளியாருக்கு எளிதில் தரமாட்டார்கள். சென்னையில் வாழ்ந்த சின்னசாமி முதலியார் என்னும் கிறிஸ்தவர், கீர்த்தனைகளை ஐரோப்பிய இசைக்குறிப்பில் எழுதி வெளியிடும் பணியில் தம் பொருளையும் உடல்நலத்தையும் செலவிட்டவர். அவர் விடாமல் வற்புறுத்தினார். எட்டயபுர அரண்மனை துணை நின்றது. அதன் பயனாக 1904ஆம் ஆண்டில், எட்டயபுரத்திலேயே இருந்த வித்தியா விலாசினி அச்சகத்தில், ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ என்னும் பெருநூல் அச்சேறியது. தீட்சிதர் கீர்த்தனைகளைக் கற்போர் இன்றும் அந்நூலைத் தேடிச் செல்கின்றனர்.

அந்தக் குடும்பத்தினரும் முதலியாரும் ஒரே சமயத்தினர் அல்லர். ஒரே ஊரினரும் அல்லர். ‘இது யாருக்கு ஆகும்?’ என்ற கேள்விக்கு ‘எல்லாருக்கும் ஆகும்’ என்று ஒருவர் விடை சொன்னார்; அரண்மனை கதவைத் திறந்தது; ஒரு செல்வம் பிழைத்தது. அரண்மனைகளின் காலம் முடிந்துவிட்டது. அன்று அரண்மனை செய்ததை இன்று ஊர்தான் செய்யவேண்டும்.

அப்படியானால் கலைக்கூடம் என்பது பழைய பாட்டுகளைப் பூட்டிக் காக்கும் பெட்டகமா? அன்று. அதனினும் மேலான பணி ஒன்று அதற்கு உண்டு. அதனைக் காண்பதற்கு நாம் கடல்கடந்து யாழ்ப்பாணம்வரை சென்று வரவேண்டும்.

1963ஆம் ஆண்டு டிசம்பரில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய ஏட்டினை வெளியிட்டது. அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் தரப்படவேண்டும் என்று அது வலியுறுத்தியது. அச்சங்கம் நிறைவுற்ற 1965ஆம் ஆண்டிலேயே, யாழ்ப்பாணத்தில் நீ. மரியசேவியர் அடிகள் என்னும் இளங்குரு, திருமறைக் கலாமன்றத்தை நிறுவினார். தவக்காலத்தில் ஆண்டவருடைய திருப்பாடுகளை மேடையேற்றும் நாடகங்களுக்காக அம்மன்றம் பெயர் பெற்றது. ஆனால் அது ஒரு நாடகக் குழுவாக மட்டும் நின்றுவிடவில்லை. நாட்டுக்கூத்து, இசை, நடனம், ஓவியம் ஆகியவற்றிற்கும் இடம் தந்தது. ‘கலைமுகம்’ என்னும் கலை இலக்கிய இதழையும் வெளியிட்டது. கிறிஸ்தவரும் சைவரும் ஒரே மேடையில் நடித்தனர். சிங்கள மக்கள் வாழும் பகுதிகளிலும் கிளைகள் தோன்றின.

அந்த ஆண்டுகள் எத்தகையவை என்பதை நாம் அறிவோம். 1983க்குப் பின் ஈழத்தமிழர் பட்ட துயரம் சொல்லுக்கு அடங்காதது. 1995ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண நகரமே வீடு வாசலை விட்டு வெளியேறியது. இத்தனைக்கும் நடுவில் அம்மன்றம் அழிந்துவிடவில்லை. 2021ஆம் ஆண்டில் அடிகள் மறைந்தபோது, அவர் தொடங்கிய பணிக்கு ஐம்பத்தாறு வயது. உயிருக்கே உறுதியில்லாத இடத்தில் மக்கள் எதற்காக ஒத்திகைக்கு வந்தார்கள்? ஒரு நாடகத்திற்குக் கிழவனும் வேண்டும், குழந்தையும் வேண்டும். பாடுகிறவரும் வேண்டும், திரை இழுக்கிறவரும் வேண்டும். ‘நீ வராவிட்டால் இன்றைய ஒத்திகை நடவாது’ என்று ஒருவரை நோக்கிச் சொல்வதற்கு ஓர் இடம் இருக்குமானால், அந்த மனிதர் உடைந்துபோக மாட்டார்.

நம் தமிழகத்திலும் திருச்சிராப்பள்ளியில் 1977ஆம் ஆண்டில் அருட்தந்தை எஸ். எம். ஜார்ஜ் தொடங்கிய கலைக்காவிரி, பின்னாளில் நுண்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. பட்டம் பெற விரும்புவோருக்கு அத்தகைய கல்லூரிகள் வேண்டும். நான் இங்கே பேசுவது அதற்கும் முந்திய படியைப் பற்றி. பட்டமும் வேண்டாம், பரிசும் வேண்டாம், நடந்து போகும் தொலைவில் மாலையில் திறந்திருக்கும் ஓர் அறை போதும் என்கின்றவர்களைப் பற்றி.

அத்தகையோர் யார் யார்? நம் ஊரையே எண்ணிப் பார்ப்போம்.

முதலில் சிறுவர்கள். என் இளமையில் கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்கு மாலைப் பொழுது என்பதே கிடையாது. சட்டங்களில் தீக்குச்சி அடுக்கியும், பெட்டி ஒட்டியும் அவர்களது விரல்கள் தேய்ந்தன. 1986ஆம் ஆண்டுச் சட்டமும், பல நல்லோரின் உழைப்பும், பள்ளிகளின் பெருக்கமும் அந்தக் கொடுமையைப் பெரிதும் குறைத்தன. பிள்ளைகளின் மாலைப் பொழுதை நாம் மீட்டுவிட்டோம். மீட்ட பொழுதில் எதை வைத்தோம்? கைப்பேசியை வைத்தோம். தீக்குச்சி அடுக்கிய விரல் இன்று கண்ணாடித் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. தாளம் போடும் விரலாக, மண் பிசையும் விரலாக, நிறம் தீட்டும் விரலாக அது மாறவேண்டாமா?

அடுத்து இளைஞர்கள். படிப்பு முடிந்து, திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ வேலைக்குப் புறப்படும் வரை, அவர்கள் கூடும் இடம் பேருந்து நிறுத்தமும் தேநீர்க் கடையும்தான். அங்கே அவர்களுக்குக் கிடைக்கும் தோழமை எப்போதும் நல்லதாக இருப்பதில்லை. ஒயிலாட்டத்தில் கையில் துணி பிடித்து, காலில் சலங்கை கட்டி, வரிசையாக நிற்கவேண்டும். அடவு தவறினால் வரிசை முழுவதும் குலையும். ‘எனக்கு மட்டும் நன்றாக வந்தால் போதாது, பக்கத்தில் நிற்கிறவனுக்கும் வரவேண்டும்’ என்பதை உடலால் கற்றுத்தரும் பள்ளி அது.

மூன்றாவதாகத் தாய்மார்கள். கும்மியடிப்பதை மறக்காத பெண்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் எங்கே அடிப்பது? களை எடுக்கையில் ஒரு பாட்டு, பழம் எடுக்கையில் ஒரு பாட்டு என்றிருந்த காலம் போய்விட்டது. மாலையில் வீட்டுக்கு வந்தால் அடுப்பும் தொலைக்காட்சித் தொடரும். வாரத்தில் ஒருநாள், ஒரு மணி நேரம், எவருக்கும் சமைக்காமல் எவருக்கும் பரிமாறாமல், தனக்கென்று வாய்விட்டுப் பாடுவதற்கு ஓர் அறை வேண்டும் என்று ஒரு தாய் கேட்டால், அது ஆடம்பரமா?

கடைசியாக முதியோர். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, ஊரில் தனித்திருக்கும் முதியோர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு பங்குக் குருவும் அறிவார். நோயில்பூசுதலுக்காக அவர்கள் வீட்டுக்குப் போகும்போது, அருட்சாதனம் முடிந்தபின்னும் என் கையை விடாத முதியவர்கள் உண்டு. அவர்களுக்கு வேண்டியது பேச்சுத்துணை. அதனினும் மேலாக, தாம் இன்னும் பயன்படுகிறோம் என்ற உணர்வு. ‘பாட்டி, அந்தத் தாலாட்டை இன்னொரு தடவை சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்’ என்று ஒரு சிறுமி கேட்கும்போது, பாட்டியின் முதுகு நிமிர்வதை நான் கண்டிருக்கிறேன். உலக நலவாழ்வு அமைப்பின் ஐரோப்பிய மண்டல அலுவலகம் 2019ஆம் ஆண்டில் மூவாயிரத்திற்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, நோய் வராமல் காப்பதிலும் நோயுற்றோரைத் தேற்றுவதிலும் கலைகளுக்குப் பங்கு உண்டு என்று அறிக்கை வெளியிட்டது. அறிக்கை வருமுன்பே நம் பாட்டிமார் இதனை அறிந்திருந்தார்கள்.

அரசு சிறுவர்களுக்கு ஜவகர் சிறுவர் மன்றங்களை நடத்துகிறது. இளையோருக்கு மாவட்ட இசைப்பள்ளிகளை நடத்துகிறது. இவை நல்ல பணிகள். ஆனால் இவற்றிற்கு வயது வரம்பு உண்டு. சிறுவருக்கு ஓர் இடம், இளைஞருக்கு ஓர் இடம், முதியோருக்கு ஓர் இல்லம் என்று வயதுகளைப் பிரித்துப் பிரித்து அடைத்துவிட்டால், பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போகவேண்டியது எந்த வழியாகப் போகும்? 148ஆம் திருப்பாடல் இறைவனைப் புகழ்வதற்கு இளைஞரையும் கன்னியரையும் முதியோரையும் சிறுவரையும் ஒருங்கே அழைக்கிறது. தனித்தனியாக வரச்சொல்லவில்லை. ஊர்க் கலைக்கூடத்தின் சிறப்பு இதுவே: எல்லா வயதினரும் ஒரே பாயில் உட்கார்கிறார்கள்.

ஒரே பாயில் உட்கார்வது! இங்குதான், அன்பர்களே, அன்றைய கூட்டத்தின் உண்மையான தடை ஒளிந்திருந்தது.

கூட்டம் கலைந்தபின், நான் வண்டியை எடுக்கும்போது ஒருவர் அருகில் வந்தார். குரலைத் தாழ்த்தி, “சாமி, வாடகை ஒரு சாக்குத்தான். கலைக்கூடம் என்றால் எல்லாத் தெருப் பிள்ளைகளும் வருவார்கள் அல்லவா? பறையைக் கொண்டுவந்து உள்ளே வைத்துப் பழகுவோம் என்று அந்தத் தெருப் பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். அது சரிப்படுமா?” என்றார்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நாம் கணக்குப் பேசிக்கொண்டிருந்தது வாடகையைப் பற்றியே அன்று! சாதி என்னும் பழைய பாவம், வற்றல் மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. கிறிஸ்தவர்களாகிய நாம் இந்தப் பாவத்தில் பங்கில்லாதவர்கள் என்று சொல்லத் துணிவோமானால், நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றின் நடுச்சுவர்களே நம்மைக் கண்டிக்கும்.

நம் பக்கத்துக் கலை ஒன்றே இதற்கு விடை தருகிறது. எட்டயபுரத்திற்கு அருகேயுள்ள ஜமீன் கோடாங்கிபட்டி தேவராட்டத்திற்குப் பெயர்பெற்றது. தேவதுந்துபி என்னும் இசைக்கருவியின் முழக்கத்திற்கேற்ப, இராஜகம்பளத்து நாயக்கர் சமூகத்தார் தங்கள் சடங்குகளில் ஆடிவந்த ஆட்டம் அது. அவ்வூரைச் சேர்ந்த குமாரராமன் என்னும் ஆசான், தம் சமூகத்திற்கு வெளியே உள்ளவர்களுக்கும் அதனைக் கற்றுத்தந்தார். இன்று பள்ளி விழாக்களிலும் கல்லூரி விழாக்களிலும் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் தேவராட்டம் ஆடுகிறார்கள். தன் கலையைப் பிறருக்குத் தந்ததனால் அந்தச் சமூகத்தின் பெருமை குறைந்ததா, வளர்ந்ததா?

திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா 1990ஆம் ஆண்டில் தொடங்கிய சக்தி கலைக்குழுவையும் நினைத்துப் பார்க்கவேண்டும். ‘சாவு வீட்டில் நீ பறையடித்தே ஆகவேண்டும்’ என்று ஒரு மக்கள்மீது சுமத்தப்பட்டிருந்த இழிவை, அந்த மக்களின் பெண்மக்களே பறையைத் தம் கையில் எடுத்து, மேடையில் நிமிர்ந்து நின்று முழங்கிக் கழுவினார்கள். கருவியில் இழிவு இல்லை. அதனை அடிக்கும் கையிலும் இல்லை. தொலைவில் நின்று அடிக்கச்சொன்ன கட்டளையில்தான் இழிவு இருந்தது. அப்பறையை ஊர் நடுவேயுள்ள கட்டடத்திற்குள் வரவேற்று உட்காரவைப்பது, அந்தக் கட்டளையை ஊரே கூடி நீக்குவதற்கு ஒப்பாகும்.

ஆகவே அந்தப் பெரியவரின் கேள்விக்கு என் விடை இது: ஆட்டத்தை அடுக்கினால் வாடகை வராது. ஆனால் ஒரு தெருவுக்கும் மறு தெருவுக்கும் நடுவே மோதல் மூண்டால், அடுத்தடுத்த ஆண்டுகளில் ஊர் காவல்நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்கும் கட்டும் தொகை எவ்வளவு என்பதை அவரே அறிவார். ஒன்றாகச் சலங்கை கட்டிய இரண்டு பையன்கள் நாளை எதிரெதிரே நிற்க நேர்ந்தால், அவர்கள் கை சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கத்திற்கு எவ்வளவு வாடகை என்று யார் கணக்கிடுவது?

இந்த விடையை அடுத்த கூட்டத்தில் சொன்னேன். எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுத ஆசைதான், உண்மை அவ்வாறில்லை. ஊர் தன் வழக்கப்படி ஒரு நடுவழி கண்டது. கட்டடத்தின் சிறிய அறை வற்றல் மூட்டைக்கு, பெரிய அறை கலைக்கூடத்திற்கு, ஓராண்டு நடத்திப் பார்ப்பது என்று முடிவாயிற்று. மேடையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. நான்கு பாய்கள், ஒரு குடம் தண்ணீர், இரண்டு விளக்குகள், ஒரு வருகைப் பதிவேடு. கற்றுத்தரும் முதியோருக்கு மாதந்தோறும் சிறு தொகையாவது தரவேண்டும் என்பதை நான் வலியுறுத்தினேன். கலைஞரை வாழ்த்திவிட்டு வெறுங்கையோடு அனுப்புவது நம் பழைய குற்றம். அத்தொகை எங்கிருந்து வருகிறது தெரியுமா? சிறிய அறையின் வாடகையிலிருந்துதான்! பெரியவரின் கணக்கும் வீண்போகவில்லை.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை மாலை கதவு திறந்தது. வற்றல் நெடி அறைமுழுதும் பரவியிருந்தது. முதற்பாட்டைத் தொடங்கிய ஆசிரியை தும்மினார், பிள்ளைகள் தும்மினார்கள், நானும் தும்மினேன். சிரிப்பில் தொடங்கியது கலைக்கூடம். உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள். முதியோர் வெளியே தாழ்வாரத்தில், ஏதோ தற்செயலாக வந்தவர்கள்போல் உட்கார்ந்திருந்தார்கள். மறுவாரம் அவர்களில் இருவர் உள்ளே வந்தார்கள். அவர்களுள் ஒருவர் பேத்திக்குத் தாளம் தவறுவதைப் பொறுக்கமாட்டாமல் எழுந்து வந்த பாட்டி.

பறையைக் கொண்டுவருவதாகச் சொன்ன இளைஞர் மூவரும் சில வாரம் வாசல்வரை வந்து நின்றுவிட்டுப் போனார்கள். ஆனி மாதத்தில் ஒருநாள் உள்ளே வந்து ஒயில் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். பறை மட்டும் இன்னும் வரவில்லை. ஏன் கொண்டுவரவில்லை என்று ஒருவனைக் கேட்டேன். “யாராச்சும் கூப்பிடட்டும் சாமி. நாங்களாக் கொண்டாந்தா சண்டைக்கு வந்ததுன்னு ஆயிரும்” என்றான். அவன் சொன்னது நியாயமே. அழைக்கவேண்டியவர்கள் உள்ளே இருப்பவர்கள். நான் அழைத்தால் அது சாமியார் அழைத்ததாகிவிடும், ஊர் அழைத்ததாகாது. தாளம் பிசகாத அந்தப் பாட்டி அழைப்பார் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அழைக்கும்படி அவரிடம் பேசியும் வருகிறேன். ஓராண்டுக் கெடு முடியுமுன் அது நடக்கவேண்டும்.

அன்பார்ந்த குடும்பத்தினரே, உங்கள் ஊரிலும் பூட்டிக் கிடக்கும் கட்டடம் ஒன்று இருக்கும். பங்கு மன்றமாக இருக்கலாம், பழைய பள்ளியாக இருக்கலாம், விழாவுக்கு மட்டும் திறக்கும் சமுதாயக் கூடமாக இருக்கலாம். மஞ்சள் பையோடு ஒரு முதியவரும் அங்கே இருப்பார். அவருடைய கால் நிற்கும்போதே அவரைக் கண்டுபிடியுங்கள். இவ்வாரத்தில் ஒருநாள், உங்கள் வீட்டு முதியவரிடம் உங்கள் பிள்ளையை அனுப்பி, அவருக்குத் தெரிந்த பாட்டு ஒன்றைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். பிறகு அந்தக் கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

சாவி உங்களிடமே இருக்குமானால், என்னைப்போல் கோடை விடுமுறைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.